தொட்டிக்குப் பாரம்

என் தம்பியும் என் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே குளியலறையில், முழங்கையோடு முழங்கை இடிக்கிற நெருக்கத்தில் நின்றாலும் பேசமாட்டார்கள். இவன் சொல்வதை அவரிடமும், அவர் சொல்வதை இவனிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. சம்பளமில்லாத வேலைகள் எனக்கு நிறைய உண்டு. அதில் இதுவும் ஒன்று.

தம்பி தச்சன். நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, குழாய் வேலை பார்ப்பவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து என் சமையலைக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள்தான். பிறகு தம்பி அண்ணியின் வீட்டுச் சமையலறைக்கு ஒரு அலமாரி செய்து கொடுத்தான். இழைத்து இழைத்து, பாலீஷ் போட்டு, கண்ணாடியாக்கி வைத்தான். ஆனால் சிங்குக்குக் கீழே பின்பலகையில் குழாய்க்கு வழி விட மறந்துவிட்டான். அண்ணி அவனை ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரம்பத்தை எடுத்து, பூனை போய்வருகிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுவிட்டார். மறுநாள் அதைப் பார்த்த தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு அவர் ‘ஓட்டை’. அவருக்கு அவன் ‘ஆணி’. பேசுவதே இல்லை என்பதால், என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்ற சிரமமும் இரண்டு பேருக்கும் இல்லை.

இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டுதான் மாடியில் குளியல் தொட்டியை மாற்ற வேண்டியிருந்தது. வேறு ஆட்களைக் கூப்பிட வசதி இல்லை. அதைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது.

என் கணவர் துணி தைக்கும் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியை ஒரே போக்கில் வெட்டுகிறவர். அந்தக் கைக்குத்தான் முடக்குவாதம் வந்தது. கைக்கு மட்டும் இல்லை, தோள், முட்டி, கணுக்கால் எல்லாவற்றுக்கும். காலையில் கண் விழிக்கும்போது மனிதர் மரக்கட்டையாகக் கிடப்பார். விரலை மடக்க முடியாது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. விடிவதற்கு முன் நான் எழுந்து தொட்டியில் வெந்நீர் நிரப்பி, அவரை நடத்திக் கொண்டுபோய் இறக்கிவிட்டால், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மூட்டாக விட்டுக்கொடுக்கும். பிறகு சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. “அந்தத் தொட்டி இருக்கிறதாலதான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது” என்று நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லுவேன். கேட்காதவர்களிடமும் சொல்லுவேன்.

அந்தத் தொட்டி ஒரு நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வடிகால் வாயில் எத்தனை காலமாகவோ சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. எங்களுடையது மரத்தளம் போட்ட வீடு; அடியில் இருந்த தரைப்பலகை ஊறி, உளுத்து, கையால் பிட்டால் பிய்ந்து வந்தது. கீழே சமையலறைக் கூரையில் ஒரு பழுப்புக் கறை இருந்ததை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். என்றைக்காவது கவனிக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாமே என்றைக்காவதுதான்.

சாய்ந்ததில் விரிசல் விட்டுத் தொட்டியும் போச்சு, தரையும் போச்சு. தம்பியும் அவன் நண்பனும் பழைய தொட்டியை இறக்கிக்கொண்டுபோய் வெளியே போட்டார்கள். குளியலறையில் விட்டங்கள் மட்டும் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. அவற்றின் நடுவே எட்டிப் பார்த்தால் கீழ்க்கூரையின் முதுகு தெரிந்தது. வடிகால் குழாய் ஒன்று துணி அடைத்த வாயோடு நின்றது.

தொட்டி இல்லாத அந்தக் காலத்தைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்கு இடுப்பு வலிக்கிறது. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஈரப் போர்வைகளை இழுத்து, உதறி, மடிப்பது. வீட்டுக்கு வந்தும் அதே வேலை. துண்டுகளை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, கணவரின் தோளில் ஒன்று, முட்டியில் இரண்டு, கையில் இரண்டு என்று சுற்றுவேன். கடைசித் துண்டைச் சுற்றும்போது முதல் துண்டு ஆறியிருக்கும். எவ்வளவு சுற்றினாலும் அவர் நிமிர மாட்டார். வேலைக்குப் போக முடியவில்லை. விடுப்பு எடுத்தார், அதுவும் தீர்ந்தது. மேலாளர் போனில் கூப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து வருகிற திங்கட்கிழமைக்குள் மேசைக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொன்னாராம். அவர் அதை என்னிடம் சொன்னபோது நான் கையில் இருந்த துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அதில் தண்ணீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஆகவே திங்கட்கிழமைக்கு முன்னால் தொட்டி உட்கார வேண்டும். எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தம்பி வேலை முடிந்து வந்து, மாலை நேரங்களில் பலகை அடித்தான். அண்ணிக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு. அன்று வந்து வடிகாலை இணைத்துத் தருவதாகப் பேச்சு. வியாழக்கிழமை அண்ணி எனக்குப் போன் செய்தார். நான் சலவைக்கூடத்தில் இருந்தேன். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடான போர்வைகளை வாரிக்கொண்டிருந்தேன்.

“இங்க பாரு, உன் தம்பிகிட்ட சொல்லிடு. புதுத் தொட்டிக்கு வடிகால் நேரா கீழ இறங்காது. தொட்டிக்கு அடியிலயே எல்போன்னு ஒரு முழங்கைக் குழாய் வளைஞ்சு, பக்கவாட்டுல போய், தொட்டி விளிம்புல இருந்து மிச்சத் தண்ணி வர்ற குழாயோட சேர்ந்து, அப்புறம்தான் இறங்கும். அதனால அந்த இடத்துல பலகையில ரெண்டு கையும் நுழையற அளவுக்குத் திறப்பு விடணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது அண்ணி.”

“நான் வந்து மாட்டற வரைக்கும் தொட்டியை வைக்கக் கூடாது. அதையும் சொல்லிடு.”

“சொல்லிடறேன்.”

எனக்கு நன்றாகவே கேட்டது. நன்றாகவே புரிந்தது. வீட்டுக்கு வந்தேன், துண்டு பிழிந்தேன், சோறு வடித்தேன், கணவரைப் படுக்க வைத்தேன், நானும் படுத்தேன். தம்பி எப்போது வந்தான், எப்போது போனான் என்றே தெரியாது. அண்ணி சொன்னது என் மண்டைக்குள் எங்கே விழுந்ததோ, அங்கேயே கிடந்து தூங்கிவிட்டது. நானும்தான் தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான் வரும்போது தம்பி வாசலிலேயே நின்றான். முகமெல்லாம் பல்.

“அக்கா, மேல வந்து பாரு. உனக்கு வேலை மிச்சம் பண்ணிட்டேன்.”

போய்ப் பார்த்தேன். இரண்டடுக்குப் பிளைவுட் அடித்து, மூட்டுக்கு மூட்டு ஸ்க்ரூ இறக்கி, அதன்மேல் கலவை பரப்பி, புதுத் தொட்டியை உட்கார வைத்திருந்தான். சுவரோரமும் பூசியாகிவிட்டது. நான்கு மூலையிலும் மட்டம் வைத்துக் காட்டினான். குமிழி நடுவில் நின்றது. வடிகால் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால், நேர் கீழே பலகையில் ஒரு வட்டம். குழாய்க்கு ஒரு நூல்கூட அதிகமில்லாமல், அளவெடுத்த மோதிரமாக வெட்டியிருந்தான்.

“இந்த வட்டத்தைப் பார்த்தா ஓட்டைக்கு மயக்கமே வந்துடும்” என்றான்.

அப்போதும் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் அண்ணி கருவிப் பெட்டியோடு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மாடிக்குப் போனார். குளியலறை வாசலில் நின்றவர் நின்றபடியே இருந்தார். கையில் இருந்த எல்போவை ஒருமுறை பார்த்தார், தொட்டியை ஒருமுறை பார்த்தார்.

“உன் தம்பியைக் கேளு, இந்த எல்போ எங்க உட்காரும்னு” என்றார் என்னிடம்.

தம்பி என் பின்னால்தான் நின்றான். “அவங்களைக் கேளு அக்கா, எல்போ வரும்னு யாரு என்கிட்ட சொன்னாங்கன்னு.”

“வியாழக்கிழமையே சொல்லி அனுப்பினேன். திறப்பு விடணும், தொட்டியை வைக்கக் கூடாதுன்னு.”

“யாருகிட்ட சொல்லி அனுப்பினாங்களாம்?”

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

போர்வைச் சூடும் அண்ணியின் குரலும் ஒன்றாக ஞாபகம் வந்தன. “நான் மறந்துட்டேன்” என்றேன். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே, மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். அதற்கும் தெம்பு வேண்டுமே, வரவில்லை. யாராவது திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். தம்பி அண்ணியைத் திட்டக் காத்திருந்தவன், அண்ணி தம்பியைத் திட்டக் காத்திருந்தவர். என்னைத் திட்ட இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

கீழே முன்னறையிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். “என்ன ஆச்சு? சத்தமே காணோம்?”

“ஒண்ணுமில்ல, அளவு பார்க்கறாங்க” என்று கத்தினேன்.

தொட்டியைப் பெயர்த்து எடுத்தால் கலவை போகும், சுவரோரப் பூச்சு போகும், திங்கட்கிழமையும் போகும். அண்ணி கொஞ்ச நேரம் மோவாயைத் தேய்த்தார். பிறகு என்னிடம், “கீழ இருந்துதான் போகணும். சமையலறைக் கூரையைத் திறந்து, அவர் அடிச்ச பலகையை அடியில இருந்து வெட்டணும். சொல்லு அவர்கிட்ட” என்றார்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். “வெட்டச் சொல்லு. அவங்களுக்குப் பழக்கம்தானே.”

சமையலறையில் இருந்ததையெல்லாம் நான் முன்னறைக்கு இழுத்துப் போட்டேன். என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கையையும் விட்டிருந்தார். அடுப்பு, டப்பா, தட்டு எல்லாம் தன்னைச் சுற்றி வந்து சேர்வதைப் பார்த்தார். “வீடு மாத்தறோமா?” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. நீங்கள் ஒரு திங்கட்கிழமை எழுந்து போவதற்காகத்தான் இந்த வீட்டையே பிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அண்ணி ஏணியில் ஏறிக் கூரையை அறுத்தார். பழுப்புக் கறை இருந்த இடம் துண்டாகக் கீழே விழுந்தது. தூசி அடங்கியதும் விட்டங்களும், அவற்றின் நடுவே தம்பியின் புத்தம்புதுப் பலகையும் தெரிந்தன. அந்த அழகான வட்டமும் தெரிந்தது. அண்ணி அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். “வேலை சுத்தமா இருக்கு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அதைச் சுற்றி ஒரு சதுரமாக ரம்பத்தை இறக்கினார். மாடியில் தம்பிக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும். எனக்கே பல் கூசியது.

திறப்பு கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. புதுத் தொட்டி பழையதைப்போல இரும்பு இல்லை. மேலே ஆள் ஏறினால் அடி லேசாகக் கீழே போகும். தொட்டி காலியாக இருக்கும்போது வடிகாலை முறுக்கிப் பூட்டினால், பிறகு ஆளும் தண்ணீரும் ஏறும்போது இணைப்பு நகர்ந்து மறுபடி கசியும். பழைய தொட்டி இரண்டு தலைமுறைக்கு உழைத்திருக்க வேண்டியது, அந்த ஒரு கசிவில்தான் போனது. அதனால் பூட்டுகிற நேரத்தில் தொட்டிக்குள் பாரம் இருக்க வேண்டும் என்றார் அண்ணி. வடிகால் திறந்து கிடக்கும்போது தண்ணீர் நிரப்ப முடியாது. அண்ணி அடியில் இருக்க வேண்டும், தம்பி மேலே வடிகால் வாயைத் திருகிப் பிடிக்க வேண்டும். என் கணவர் ஏறினால் இறக்க ஆள் தேட வேண்டும்.

“அக்கா, நீ ஏறிப் படு” என்றான் தம்பி.

“நான் என்ன மூட்டையா?”

“இன்னைக்கு மூட்டைதான். ஆடாம, அசையாம கிடக்கணும். அவ்வளவுதான் வேலை.”

ஏறிப் படுத்தேன். சேலையில் கூரைத் தூசி, தலையில் சிலந்தி வலை. வடிகால் பக்கம் காலை நீட்டி, தலைக்கு ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டேன். எத்தனையோ காலம் இந்த அறையில் தொட்டியைத் தேய்த்திருக்கிறேன், நிரப்பியிருக்கிறேன், அவரை இறக்கி ஏற்றியிருக்கிறேன். ஒரு தொட்டிக்குள் நான் படுத்தது அன்றைக்குத்தான். முதுகுக்கு அடியில் வழவழவென்று இருந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எதையும் தூக்கச் சொல்லவில்லை. சும்மா கிடப்பதே வேலை என்று ஒரு வேலை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. கால்மாட்டில் தம்பி ஏதோ திருகிக்கொண்டிருந்தான். கண் சொருகிக்கொண்டு வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. விழிப்பு வந்தபோது முதலில் குரல்கள்தான் கேட்டன. கண்ணைத் திறக்கவில்லை, திறக்கிற தெம்பு இல்லை.

“ஏங்க, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பட்டுமா?” என்றது தம்பியின் குரல்.

“போதும், போதும். வாஷர் சரியா உட்கார்ந்துடுச்சு. ரொம்ப முறுக்கினா எல்போ விரிசல் விட்டுடும்.” அண்ணியின் குரல் என் குதிகாலுக்குக் கீழே, வடிகால் ஓட்டை வழியாக வந்தது.

“முடிஞ்சுதா? அக்காவை எழுப்பட்டுமா?”

“வேண்டாம். குழாயில பசை பிடிக்கட்டும். அது வரைக்கும் பாரம் இருக்கறது நல்லது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “தூங்கிட்டாளா?”

“குறட்டையே விடுறா.”

“விடட்டும் பாவம்.”

நான் பேச்சு சுமக்காமல் போனதும் இரண்டு பேருக்கும் வாய் வந்துவிட்டதே என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் பாரம் சிரிக்கக் கூடாது. அப்படியே கிடந்தேன்.

“எப்படியோ முடிஞ்சுது” என்றான் தம்பி. “திங்கட்கிழமை மாமா போயிட்டார்னா இவ கொஞ்சம் மூச்சு விடுவா.”

கீழே ஏணி கிரீச்சிட்டது.

“ஏங்க, என்ன?”

“அவன் திங்கட்கிழமை எங்கயும் போகப்போறது இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“மெதுவா பேசுங்க. அந்த மேனேஜர் போன வாரமே மறுபடி கூப்பிட்டுச் சொல்லிட்டாராம். ஆள் போட்டாச்சு, நீங்க வர வேண்டாம்னு. என்கிட்ட மட்டும்தான் சொன்னான். தொட்டி உட்கார்ற வரைக்கும் இவகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்.”

“ஏன்? சொன்னா என்ன?”

“கேட்டேன். வாயே திறக்கல. எனக்கு இதை வச்சுக்கிட்டு இருக்க முடியல, அதான் உங்ககிட்ட கொட்டிட்டேன்.”

எழுந்து உட்கார்ந்து கத்தியிருக்கலாம். நான் கத்தக்கூடியவள்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் பசை பிடிக்க வேண்டும், நான் ஆடக் கூடாது. கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். உடம்பெல்லாம் கொதித்தது. ஒரு வாரமாக இவர் வாளியில் கையை விட்டுக்கொண்டு, திங்கட்கிழமை திங்கட்கிழமை என்று நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீடு மாற்றுகிறோமா என்று வேடிக்கை வேறு.

கோபம் ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகு, அப்படியென்றால் திங்கட்கிழமை விடிவதற்கு முன் எழ வேண்டாம், தூங்கலாம் என்று தோன்றியது. வீட்டுக்காரருக்கு வேலை போன செய்தி கேட்டு ஒரு பெண்ணுக்கு முதலில் தோன்றுவது இதுதானா என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் அந்த நினைப்பு சுகமாக இருந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. வேலையே இல்லையென்றால் பிறகு இந்தத் தொட்டி எதற்கு? இந்தக் கூரை, இந்தப் பலகை, இத்தனை பாடு எதற்கு?

“அக்கா, எழுந்திரு. ஆச்சு” என்று தம்பி தோளைத் தொட்டான்.

எழுந்தேன். அண்ணி கைகளைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். பழைய பழக்கம் போகவில்லை. “அவர்கிட்ட சொல்லும்மா, அடைப்பானைப் போட்டுத் தண்ணியைத் திறக்கச் சொல்லு” என்றார்.

“நீங்களே சொல்லுங்க அண்ணி” என்றேன். “உங்க ரெண்டு பேருக்கும் நல்லாவே பேச வருது. நான் படுத்துக்கிட்டே கேட்டேன்.”

அண்ணியின் முகம் வெளுத்தது. தம்பி குழாயைத் திறப்பதில் மும்முரமானான். வெந்நீர் தொட்டியில் விழுந்து ஆவி எழுந்தது. விளிம்புக்குக் கீழே, மிஞ்சிய தண்ணீர் வடிகிற மேல்வாய் வரை நிரப்பினோம். தொட்டி தாழவில்லை. கீழே போய் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். அண்ணி டார்ச் அடித்து, ஒவ்வொரு மூட்டிலும் காகிதத்தை வைத்து ஒற்றினார். காகிதம் காய்ந்தே இருந்தது. மேல்வாய் வழியாக வழிந்த தண்ணீரும் சத்தமில்லாமல் குழாயோடு போய்விட்டது.

“ஒரு சொட்டு இல்ல” என்றார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்க்காமல், “கூரையை எப்போ மூடுவீங்க?” என்றார்.

“ஒரு கதவு வச்சுத் தரேன். நீங்க நெனச்சப்போ திறந்து பார்க்கலாம். அறுக்க வேண்டாம்” என்றான்.

கிளம்பும்போது அண்ணி என் கையைப் பிடித்தார். “அவன்கிட்ட சண்டை போடாதே.”

“போடுவேன்” என்றேன். அண்ணி தலையை ஆட்டிவிட்டுப் போனார். தம்பியும் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனான்.

என் கணவர் மாடிப்படி ஏறி வந்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியை முழங்கையால் அணைத்துக்கொண்டு. வழக்கமாக நான் போய்ப் பிடிப்பேன். அன்றைக்குப் போகவில்லை. தொட்டியருகில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வந்து விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீரையே பார்த்தார்.

“திங்கட்கிழமை எப்போ எழுப்பணும்?” என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். “அக்கா சொல்லிட்டாளா?”

“யாரு சொன்னா என்ன? நீங்க ஏன் சொல்லல?”

அவர் விரல்களைத் தண்ணீரில் விட்டார். “நல்ல சூடு.”

“நான் சூட்டைக் கேக்கல.”

“தொட்டி உட்காரட்டும்னு இருந்தேன்.”

“உட்கார்ந்தாச்சு. இப்போ சொல்லுங்க. ஒரு வாரமா என்னைக் கூத்தாட விட்டு வேடிக்கை பார்த்திருக்கீங்க. தொண்டை வரைக்கும் வருது எனக்கு.”

“வேடிக்கை பார்க்கல” என்றார். குரல் உயரவில்லை. “நீ எல்லார்கிட்டயும் என்ன சொன்னே? கடையில, பக்கத்து வீட்டுல, உன் தம்பிகிட்ட. இவர் வேலைக்குப் போகத்தான் தொட்டின்னு சொன்னே. வேலை இல்லைன்னு அன்னைக்கே நான் வந்து சொல்லியிருந்தா, அப்புறம் தொட்டி எதுக்கு, ரெண்டு வாளி போதும்னு நிறுத்தியிருப்பே. நீ கெட்டவள்னு சொல்லல. உனக்கு எவ்வளவுதான் முடியும்.” விரல்களைத் தண்ணீருக்குள்ளேயே மெல்ல மடக்கிப் பார்த்தார். “ஆனா வேலைக்குப் போனாலும் வலிக்குது, போகாட்டியும் வலிக்குது.”

அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் சொல்லுவாள். அவரும் அதை எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் என்னால் முடியவில்லை.

“சொல்லியிருப்பேன்” என்றேன். “கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி இதுக்குள்ள படுத்துக்கிட்டு அதையேதான் நெனச்சேன்.”

அவர் தலையை ஆட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எழுந்து, அவருடைய சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு இன்னொன்று. தொட்டி இம்மியும் அசையவில்லை. தண்ணீர் கழுத்து வரை ஏறியதும் கண்ணை மூடினார்.

நான் போகவில்லை. போவதற்கு எங்கேயும் இல்லை, அடுப்பு முன்னறையில் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகலும் இல்லை, பெருமூச்சும் இல்லை. ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். இல்லை, எப்போதும் இப்படித்தான், வலி விடும்போது வரும் என்றார் கண்ணைத் திறக்காமல். இத்தனை வருஷமும் இந்த நேரத்தில் நான் கீழே அவருக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.